தோல்பையின் தகுதிகாண் காலம்

சுனாமியாகக் கடல் வந்து போன பிறகு மட்டக்களப்பில் முளைத்த நிறுவனங்களில் வாவிக்கரை மீளெழுச்சி நிறுவனமும் ஒன்று. வாவியைப் பார்த்த மாடிவீடு, வாசலில் கொடி, கொடியின் கீழ் வெள்ளை வாகனம், வாகனத்துக்கு ஒரு சாரதி, சாரதிக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. வலையும் தோணியும் பறிகொடுத்தவர்களுக்கு அவற்றைத் திரும்பக் கொடுப்பதுதான் அதன் நோக்கம். ஆரம்பித்து ஒரு வருஷம் கடந்தும் நிறுவனம் அவசரப்படவில்லை. யாரிடம் வலை இல்லை என்பதை முதலில் ஐயந்திரிபற உறுதிப்படுத்திக்கொண்டிருந்தது. வலை இல்லாதவர்கள், தாங்கள் உறுதிப்படும்வரை கரையில் குந்தியிருந்தார்கள்.

அந்த உறுதிப்படுத்தலைச் செய்கிறவர் அருமைநாயகம். வாழைச்சேனையில் தட்டச்சு வகுப்பு நடத்திக்கொண்டிருந்த மனுஷன். கம்பியூட்டர் வந்து வகுப்பைப் படுக்க வைத்தது. படுக்க வைத்த அதே கம்பியூட்டரில் இப்போது கரை கரையாகப் போய்ப் பெயர் எழுதி வந்து அடிக்கிற வேலை. வேலை நிரந்தரமில்லை, ஒப்பந்தம். ஒப்பந்தக்காரருக்கு நிறுவனத்தின் அடையாள அட்டை கிடையாது.

அந்த அட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வெள்ளை பிளாஸ்டிக், நீலப் பட்டி, கழுத்தில் தொங்கும். சோதனைச்சாவடியில் அதைத் தூக்கிக் காட்டினால் ஆமிக்காரன் கையை ஆட்டிப் போகச் சொல்வான். அட்டை இல்லாதவர் அரசாங்கத்தின் அடையாள அட்டையைக் காட்டவேண்டும். அருமைநாயகத்தின் அரசாங்க அட்டையில் பிறந்த இடம் பனிச்சங்கேணி என்று இருந்தது. அந்த நாட்களில் அது மறுபக்கம், இயக்கத்தின் பக்கம். சமாதான ஒப்பந்தம் கடதாசியில் உயிரோடு இருந்தாலும், கடதாசிக்கு வெளியே பக்கங்கள் இரண்டாகவே இருந்தன. அவர் பிறக்கிறபோது எந்தப் பக்கம் பிறக்கிறோம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆமிக்காரர்கள் அதை ஒரு காரணமாக ஏற்றுக்கொள்வதில்லை. அட்டையை இரண்டு தரம் வாசிப்பார்கள், பிறகு அவரை ஒரு தரம் வாசிப்பார்கள். முன்பொருமுறை அவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போன இரண்டு பேர் இன்னும் வீடு வரவில்லை. ஆகவே நிறுவனத்தின் அட்டை கிடைத்தால் போதும், வேறு வரம் வேண்டாம் என்று அவர் மனைவி அன்னப்பூரணி மாமாங்கேஸ்வரரிடம் நேர்ந்திருந்தாள்.

இப்படியிருக்க, டவுனில் யாரோ ஒரு அலுவலகத்துக்குள் புகுந்து கம்பியூட்டர்களை அள்ளிப் போய்விட்டார்கள். யார் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் கேட்கவில்லை. மீளெழுச்சியின் பணிப்பாளர் இராசதுரை உடனே கூட்டம் வைத்தார். இராசதுரை ஒரு காலத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் மண்ணெண்ணெய் அளந்தவர். இப்போது சொற்களை அளக்காமல் கொடுப்பவர்.

"ஆபத்தை ஒரே கட்டிடத்துக்குள்ள குவிச்சு வச்சிரிக்கிறது நல்ல முகாமைத்துவம் இல்ல," என்றார். "ஆபத்தைப் பகிர்ந்துகொள்ளோணும். நாம ஒரு குடும்பம்."

குடும்பம் என்றால் என்னவென்று பிறகுதான் விளங்கியது. ஒவ்வொருவரும் தத்தம் மடிக்கணினியைப் பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுபோய், காலையில் கொண்டுவர வேண்டும். பணிப்பாளருடைய கணினி மட்டும் இரும்பு அலுமாரியில் இருக்கும். தலைமைக்கும் ஆபத்து வந்துவிட்டால் ஆபத்தை முகாமை செய்ய ஆளில்லாமல் போகும் என்று காரணம் சொல்லப்பட்டது.

அருமைநாயகம் ஆபத்தின் தன் பங்கை ஒரு சொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டார். உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரிகிற பொலித்தீன் பை. அதில் ஆச்சரியமில்லை. அந்த நாட்களில் பஸ்ஸில் போகிற எவரும் மூடிய பையோடு போகமாட்டார்கள். ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் இறங்கி, சாமான்களோடு வரிசையில் நடந்து, அங்காலே போய் நிற்கிற பஸ்ஸில் ஏறவேண்டும். ஆகவே சோறு, மருந்து, பிள்ளைக்கு வாங்கின சட்டை எல்லாம் கண்ணாடி போன்ற பையில்தான் பயணம் செய்யும். ஒரு வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்பதை ஊர் முழுக்கத் தெரிந்துகொண்ட காலம் அது. ஓட்டமாவடியிலிருந்து பன்பாய் விற்க டவுனுக்குப் போகிற ஆசியா உம்மா, பாயைச் சுருட்டினால் உள்ளே என்ன என்று கேட்பார்களென்று, விரித்த பாய்களைத் தலைமேல் போட்டுக்கொண்டு நடக்கிற கூரை மாதிரி வரிசையில் வருவார். அருமைநாயகம் மடிக்கணினியைத் தாம்பூலத் தட்டுப்போல நெஞ்சுக்கு முன்னால் ஏந்திக்கொண்டு அவருக்கு முன்னால் போவார். ஆமிக்காரர் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள். பனிச்சங்கேணியைக்கூட இப்போது ஒரு தரம்தான் வாசித்தார்கள்.

கெடுகாலத்துக்கு, கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் வாகனக் கண்ணாடிக்குள்ளால் இந்தக் காட்சியைக் கண்டுவிட்டார். நிறுவனத்தின் கணினி, பொலித்தீனுக்குள், ஒரு மீன்குழம்புப் பார்சலோடு கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு போகிறது. தனக்கு நெஞ்சு வலித்ததாக ஆலோசகர் அறிக்கையில் எழுதியிருந்தார். இரண்டு கிழமையில் கொழும்பிலிருந்து ஒரு தோல்பை வந்து இறங்கியது.

வெள்ளை வாகனத்தின் பின்சீற்றில், பட்டி கட்டி, மெல்லிய கடதாசி போர்த்தி வந்தது. பழுப்பு நிறம். தோளில் குறுக்காக மாட்டுகிற நீளப் பட்டி, மேலே ஒரு மூடி, மூடிக்கு இரண்டு பித்தளைக் கொளுக்கி, மூடிக்குக் கீழே இன்னொரு மூடி, அதற்குள் கணினிக்குப் பஞ்சு வைத்த அறை, அறைக்குள் சிற்றறைகள். வெளிநாட்டில் இதை மாட்டிக்கொண்டு சைக்கிளில் வேலைக்குப் போவார்களாம். வந்தது ஒரு மாதிரிப் பை. களத்தில் வைத்து மதிப்பிட்டு, நல்லதென்று கண்டால் நிறுவனத்தின் எல்லாருக்கும் வாங்குவதாக ஏற்பாடு. அதற்கென்று தோல்பை மதிப்பீட்டுக் குழு அமைந்தது. வலை விநியோகத்துக்கு வைத்திருந்த கூட்டத்தை ஒத்திப்போட்டுவிட்டு இந்தக் கூட்டத்தை வைத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றி, கடலில் போனவர்களுக்காக ஒரு நிமிஷம் எழுந்து நின்று, பிறகு பையை நடுமேசையில் வைத்தார்கள்.

முதல் சிக்கல் தோலில் வந்தது. கணக்குப் பிரிவில் இருந்த ஏறாவூர் றமீஸா, தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு, இது என்ன தோல் என்று மெதுவாகக் கேட்டாள். பன்றி என்றால் தான் தொடமாட்டாள் என்றாள். மாடு என்றால் தங்களுக்கும் யோசனைதான் என்று இன்னொரு பக்கத்திலிருந்து குரல் வந்தது. இராசதுரை கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தார். கொழும்பு, உண்மையான தோல் என்றது. எதனுடைய உண்மையான தோல் என்றதற்கு, மிருகத்தை இனங்காண்பது முரண்பாட்டுக் கூருணர்வுக் கொள்கைக்கு மாறானது என்று பதில் வந்தது. குழு வெகுநேரம் விவாதித்து, இந்தப் பை நடுநிலையான தோலால் ஆனது என்று தீர்மானம் நிறைவேற்றியது. இரண்டு சமூகத்துக்கும் சந்தேகம் சரிசமமாக இருந்தபடியால் அது சமத்துவத்துக்கு உதாரணம் என்று இராசதுரை சொன்னார்.

றமீஸா தீர்மானத்தில் கையெழுத்து வைத்தாள். பையைத் தொடவில்லை.

அடுத்தது, பைக்குச் சொத்து இலக்கம். அலுமினியத் தகட்டில் இலக்கத்தைப் பொறித்துப் பையில் ஆணி அறைந்தார்கள். பிறகு பையை முன்னாலும் பக்கவாட்டிலும் படம் பிடித்து, ஒரு அட்டையில் ஒட்டி, பிளாஸ்டிக் உறையிட்டு, நீலப் பட்டியில் தொங்கவிட்டார்கள். அருமைநாயகம் அந்த நீலப் பட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூட்டம் முடிந்த பிறகு பணிப்பாளரின் அறை வாசலில் போய் நின்றார்.

"சேர், என்ட அட்டை?"

"முதல்ல பை, அருமைநாயகம். பையைச் சுமந்து மதிப்பிடுறதுக்கு உங்களத்தான் தெரிவு செஞ்சிரிக்கிறம். பை நிரந்தரமானா, பையைச் சுமக்கிறவரும் நிரந்தரம். அட்டை தானா வரும். இதில ஒரு தர்க்கம் இரிக்கு."

தர்க்கம் இருந்தது உண்மை. அருமைநாயகத்துக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: பை தேறவேண்டும். பை தேறினால் தான் தேறலாம். அன்று பின்னேரம் நடுநிலையான தோலைக் குறுக்காக மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

முதல் சாவடியிலேயே வரிசை நின்றது. ஆமிக்காரன் பையைத் திறக்கச் சொல்லிக் கை காட்டினான். அருமைநாயகம் கொளுக்கியை இழுத்தார். புதுப் பித்தளை, அசையவில்லை. பல்லால் இழுத்தார். ஒன்றைத் திறந்து மற்றதைத் திறக்குமுன் முன்னது பூட்டிக்கொண்டது. பின்னால் நின்றவர்கள் முதலில் இரங்கினார்கள், பிறகு பெருமூச்சு விட்டார்கள், பிறகு அவரது தாய் தகப்பனை விசாரித்தார்கள். பஸ்காரன் அங்காலே நின்று கோர்ன் அடித்தான். ஆசியா உம்மா பாய்க்கூரைக்குக் கீழேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மனே, மாப்பிள்ளப் பெட்டி மாதிரி ஒண்டு? உள்ள பொண்ணு இரிக்கா?"

"ஒபிஸ் பேக், உம்மா. மதிப்பிடுறம்."

"நீங்க அத மதிப்பிடுறீங்க. ஆமி உங்கள மதிப்பிடுறான். கெதியாத் திறவுங்க, மனே, தலையில வெயில் ஏறுது."

தரப்பட்ட விதிகளின்படி, பையைத் திறக்க எடுத்த சிரமத்தை அன்றன்றே குழுவுக்குச் சொல்லவேண்டும். அருமைநாயகம் உள்ளதைச் சொன்னார். சிரமம் என்பது பாதுகாப்பின் மறுபெயர் என்று குழு அதைப் பையின் கணக்கில் நல்லதாக எழுதிக்கொண்டது.

மாரி பிடித்ததும் நீர் எதிர்ப்புச் சோதனை வந்தது. மழையில் நடக்கவேண்டும், குடை பிடிக்கக்கூடாது. மதிப்பிடப்படுவது பையே தவிரக் குடையல்ல. கணினியை வெளியே எடுத்துவிட்டு உள்ளே செங்கல் வைத்தார்கள். அருமைநாயகத்தை வெளியே எடுக்க வழியில்லை. ஊறிய தோலிலிருந்து என்ன மிருகமென்று தெரியாத ஒரு வாடை கிளம்பிற்று. மனிதருக்குத் தெரியாவிட்டாலும் நாய்களுக்குத் தெரிந்துவிட்டது. கடைத்தெருவில் ஒரு நாய் அவரைப் பின்தொடர்ந்தது, பாலத்தடியில் நாலைந்து சேர்ந்தன, அலுவலக வாசலுக்கு வரும்போது ஊர்வலம். மாடியிலிருந்து பார்த்த ஆலோசகர், பைக்குச் சமூகத்தின் பங்கேற்பு அதிகம் என்று குறித்தார். அருமைநாயகம் காய்ச்சலில் படுத்தார். பையை விசிறியின் கீழ் காயவைத்தார்கள்.

காய்ச்சல் விட்டு வந்த கிழமைதான் இரகசிய அறை வெளிப்பட்டது. பையின் அடியில் அப்படி ஒன்று இருப்பது அருமைநாயகத்துக்குத் தெரியாது. சாவடியில் ஒரு புதுப் பொடியன், கெட்டிக்காரன், விரலை விட்டுத் தடவி, மறைந்திருந்த ஸிப்பைக் கண்டுபிடித்து இழுத்தான். உள்ளேயிருந்து ஒரு சிறு வெள்ளைப் பொட்டலம் விழுந்தது. அதற்குள் கடுகு மாதிரி மணிகள், உறையில் தின்ன வேண்டாம் என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கை. புதுப் பை பூஞ்சணம் பிடிக்காமலிருக்கப் போடுகிற மருந்து. ஆனால் இதைத் தின்ன வேண்டாம் என்று எழுதின ஒரு பொருளை, மறைத்துவைத்த அறையில், பனிச்சங்கேணியில் பிறந்த ஒருவர் ஏன் கொண்டுபோகிறார் என்று பொடியன் கேட்டான். பஸ்ஸில் வந்த சனம் முழுவதையும் வெயிலில் குந்தவைத்தார்கள். மேலதிகாரி வந்து, உறையைப் பிரித்து, மணந்து, சிரித்து, போகச்சொல்லும் வரைக்கும் ஒருவரும் அருமைநாயகத்தோடு பேசவில்லை. பஸ்ஸில் ஏறின பிறகும் பேசவில்லை. அவர் அருகில் இருந்த சீற்றும் காலியாகவே இருந்தது.

இராசதுரை இதைக் கேட்டுக் கலங்கிப்போனார். அந்தப் பொட்டலம் பையின் துணைப்பொருள். அதை இழந்ததற்கு விளக்கம் தரவேண்டும் என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கடைசிச் சோதனை ஒன்று மிச்சமிருந்தது. அதற்குத் திருட்டுக் கவர்ச்சிச் சோதனை என்று பெயர். விலை கூடிய பையென்றால் கள்ளர் கண் வைப்பார்களா, மாட்டார்களா என்று அறிவது. சனம் கூடுகிற இடத்தில் பையைத் தனியே வைத்துவிட்டு, தன்னுடையதென்று காட்டாமல், தூர நின்று, யார் யார் எடுக்க வருகிறார்கள் என்று பார்க்கவேண்டும். அசையவும் கூடாது. அவதானிக்கிறவர் அசைந்தால் முடிவு பழுதாகிவிடும். இடம், டவுன் பஸ் நிலையம்.

அருமைநாயகம் வாழ்க்கையில் முதல்தடவையாகப் பணிப்பாளரின் அறைக்குள் கேட்காமல் போனார்.

"சேர், பஸ் ஸ்ராண்டில பையைத் தனிய வைக்க ஏலா. சனம் கள்ளனப் பத்தி நினைக்காது. குண்டெண்டு நினைக்கும்."

இராசதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அருமைநாயகம், நீங்க அனுபவத்தில இருந்து கதைக்கிறீங்க. எங்களுக்குத் தேவை தரவு. அட்டைக்குப் படம் எடுக்க நாளைக்குப் படக்காரனும் வாறான். கடைசி நேரத்தில பிசகப் போறீங்களா?"

அருமைநாயகம் பிசகவில்லை. வீட்டில் அன்னப்பூரணி, படம் எடுக்கவென்று வெள்ளைச் சேட்டைத் தோய்த்து மினுக்கி வைத்திருந்தாள்.

காலையில் சனம் நிறைந்த நேரம். பஸ் நிலையத்தில் சனம் இருக்கிற மரவாங்கு ஒன்றில், அலுவலகக் கணினியோடு, பையை இருத்தினார். தகடு மினுங்கியது. நடந்துபோய்த் தேநீர்க்கடைக்கு எதிரே, சொல்லப்பட்ட இடத்தில் நின்றார்.

யாரும் கூச்சல் போடவில்லை. மட்டக்களப்புச் சனம் அதில் தேர்ச்சி பெற்றது. பைக்குப் பக்கத்தில் இருந்த மனுஷி ஒருத்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். அவள் எழும்பியதைப் பார்த்து அடுத்த வாங்கு எழும்பிற்று. பஸ்கள் ஆளேற்றாமல் பின்பக்கமாகவே ஓடின. தேநீர்க்கடைக்காரன் ஆற்றின தேத்தண்ணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு போனான், கதவு பூட்டினது அவன் பெண்சாதி. கல்லில் கிடந்த ரொட்டி கருகத் தொடங்கியது. கண்ணை மூடித் திறக்கிற நேரத்தில் அந்தப் பெரிய வெளியில் இரண்டுபேர்தான் மிச்சம். ஒன்று பை. மற்றது, அசையக்கூடாது என்று சொல்லப்பட்ட அருமைநாயகம்.

ஆமி வந்து சுற்றி வளைத்தது. ஊரே ஓடியபோது ஓடாமல் நின்றவன் யார் என்று பார்த்தார்கள். ஒரு பையை அக்கறையோடு பார்த்துக்கொண்டு, மினுக்கின வெள்ளைச் சேட்டோடு ஒரு மனுஷன். அட்டையை வாங்கினார்கள். பிறந்த இடத்தை வாசித்தார்கள். இந்த முறை மூன்று தரம்.

பைக்கு ஆபத்தில்லை என்பது பகலுக்குள் நிரூபணமாகிவிட்டது. ஒரு நாய் வந்து மோந்துபார்த்து, வாலை ஆட்டி, பக்கத்தில் படுத்துக்கொண்டது. பையின் கழுத்தில் தொங்கின அட்டையில் இருந்த அலுவலகத் தொலைபேசி இலக்கத்துக்கு ஆமியே ரெலிபோன் எடுத்தது. பை அகப்பட்டதைக் கேட்டதும் இராசதுரை கொடி கட்டின வாகனத்தில் முகாமுக்குப் பறந்து வந்தார். முகாமின் அதிகாரிக்குத் தமிழ் ஓரளவு தெரியும். பையை மேசையில் வைத்தார், அருமைநாயகத்தைச் சுவரோரமாக நிறுத்தினார்.

"பை உங்கட?"

"ஓம். நிறுவனச் சொத்து. இலக்கம் இரிக்கு, படம் இரிக்கு, ரெண்டு பக்கமும்."

"ஆள்?"

இராசதுரை அருமைநாயகத்தைப் பார்த்தார்.

"ஆள் ஒப்பந்த அடிப்படையில."

"தெரியுமா, தெரியாதா?"

"நாங்க பொறுப்பான நிறுவனம். உறுதிப்படுத்தாத ஒண்டையும் சொல்ல ஏலா. பையை முழுமையா மதிப்பீடு செஞ்சிரிக்கிறம். ஆளை இன்னும் செய்யல்ல."

அதிகாரி பையை ஒப்படைத்தார். இராசதுரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இல்லை என்று உறுதி செய்து, பின்சீற்றில் வைத்துப் பட்டி கட்டினார். போகமுதல் அருமைநாயகத்துக்கு ஆறுதல் சொல்ல மறக்கவில்லை. நிறுவனம் எப்போதும் அவர் பக்கம்தான் என்றார். எந்தப் பக்கம் என்று அதிகாரி கேட்டார். இராசதுரைக்கு நேரமாகிவிட்டது.

அருமைநாயகம் அன்றிரவும் முகாமிலேயே இருந்தார். அவரிடம் கேட்ட கேள்விகள் பனிச்சங்கேணியைப் பற்றியவை. கேட்ட விதத்தைப் பற்றி அவர் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. சேட்டை மட்டும் அன்னப்பூரணி பிறகு துவைக்கவில்லை, எரித்துவிட்டாள்.

அவள் விடிந்ததும் முதலில் போனது நிறுவனத்துக்குத்தான். பணிப்பாளர் கூட்டத்தில் இருப்பதாக வாசலில் சொன்னார்கள். என்ன கூட்டம் என்று கேட்டாள். பை பத்திரமாகத் திரும்பிவந்ததைப் பற்றிய கூட்டம் என்றார்கள். அவள் ஒழுங்கையில் இறங்கி, அழக்கூடத் தெரியாமல், பஸ் நிலையத்து வாங்கில் போய் இருந்தாள். பாய் விற்கவந்த ஆசியா உம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார். கதையைக் கேட்டார். பாய்களைத் தேநீர்க்கடையில் போட்டுவிட்டு, வாங்க புள்ள என்று அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

முகாம் வாசலில் நின்றவன் தினமும் ஆசியா உம்மாவின் பாயை விரித்துப் பார்க்கிறவன். சிரித்துவிட்டான். அதனால்தான் உள்ளே விட்டார்கள். அதிகாரியின் மேசைக்கு முன்னால் ஆசியா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். நிறுவனமா, கிராம சேவகரா, நீங்கள் யார் என்று அதிகாரி கேட்டார்.

"நான் அவருக்குப் பின்னால வரிசையில நிக்கிறவ. நாளும் நிக்கிறன். மஹத்தயா, உங்கட பொடியன்மாரக் கேளுங்க. இந்த மனிசனுக்கு ஒரு பையைத் திறக்கத் தெரியா. ரெண்டு கொளுக்கியத் திறக்கப் பல்லால கடிக்கிற ஆளு. எங்கள எத்தின நாள் வெயில்ல காயவச்சிரிக்காரு. குண்டு செய்யிறவனுக்குக் கொளுக்கி திறக்கத் தெரியாம இரிக்குமா?"

அதிகாரி வாசலில் நின்றவனைச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவன் பையைப் பல்லால் கடிக்கிற மாதிரி செய்து காட்டினான். மேசையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சுவரோரம் நின்ற அருமைநாயகமும் சிரிக்கப் பார்த்தார், உதடு வீங்கியிருந்தபடியால் ஒத்துவரவில்லை. அந்தச் சிரிப்பு அடங்குமுதல், கொண்டுபோங்கள் என்று அதிகாரி கையைக் காட்டினார்.

அருமைநாயகம் எழும்பி நடமாட ஒரு கிழமை எடுத்தது. வேலைக்குப் போகாதீர்கள் என்று அன்னப்பூரணி சொல்லவில்லை. வேறு வேலை எங்கே என்று அவர் கேட்கவுமில்லை. அவர் போன நாள் மதிப்பீட்டுக் குழுவின் நிறைவுக் கூட்டம். விளக்கேற்றியாயிற்று, எழுந்து நின்றாயிற்று. இராசதுரை முடிவுகளை அறிவித்தார்.

"திருட்டுக் கவர்ச்சி பூச்சியம். அவ்வளவு சனத்துக்குள்ள ஒருத்தர்கூடக் கையை வைக்கல்ல. ஆயுதம் வச்சிரிந்தவங்களே தூர நிண்டவங்க. இந்த மாகாணத்தில இதவிடப் பாதுகாப்பான பை கிடையா. இந்த நேரம் நான் அருமைநாயகத்தையும் குறிப்பிடோணும். அசையாமல் நிண்டார். தரவு பழுதாகல்ல."

கைதட்டினார்கள். றமீஸா தட்டவில்லை, குனிந்துகொண்டிருந்தாள். எல்லா உத்தியோகத்தருக்கும் பை வாங்குவதென்று முடிவாயிற்று. அந்த வேலை பெரியதாகையால் வலை விநியோகம் அடுத்த காலாண்டுக்குப் போயிற்று. கரையில் குந்தியிருந்தவர்கள் இன்னுமொருமுறை உறுதிப்படுத்தப்படுவார்கள்.

பிறகு இராசதுரை நீலப் பட்டியோடு ஒரு அட்டையை அருமைநாயகத்தின் கழுத்தில் போட்டார். கடைசியாக அது வந்தேவிட்டது. அருமைநாயகத்துக்குக் கண் கலங்கியது. குனிந்து வாசித்தார். படம் இருக்கவேண்டிய இடத்தில் பையின் படம் இருந்தது. படக்காரன் வந்த நாள் அவர் முகாமில் இருந்தபடியால், பையின் படத்தையே போட்டுவிட்டார்கள். கீழே அவர் பெயர், சுமக்கிறவர் என்ற பொருளில் காவுநர் என்ற பதவி. அதற்கும் கீழே, இது குறித்த தோல்பையுடன் சேர்த்தே செல்லுபடியாகும் என்று ஒரு வரி.

"அண்டைக்கு முகாமில நடந்த குழப்பம் இனி வராது," என்று இராசதுரை விளக்கினார். "பை எங்கயோ ஆளும் அங்க. நாங்க பையை எடுக்க வந்தா, ஆளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வரலாம்."

அட்டை வேலை செய்தது. அதைக் குறை சொல்லக்கூடாது. அடுத்த நாள் சாவடியில் அதைத் தூக்கிக் காட்டினார், ஆமிக்காரன் கையை ஆட்டினான். பனிச்சங்கேணியை யாரும் வாசிக்கவில்லை. ஆசியா உம்மா வெயிலில் நின்று பாயை உதறிக்கொண்டிருக்க, அவர் தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்து வாங்கப் பையில்லாமல் போய்ப் பார்த்தார். நிறுத்தி, அரசாங்க அட்டையை வாங்கி, இரண்டு தரம் வாசித்து, முகாமில் ஏற்கெனவே இருந்த ஆளா என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு அவர் பையில்லாமல் படலைக்கு வெளியே இறங்கவில்லை. சந்தைக்குப் பை போனது. முடிவெட்டுகிற கடையில் பக்கத்துக் கதிரையில் இருந்தது. செத்தவீட்டில், பாடைக்குப் பின்னால், குறுக்காகத் தொங்கிக்கொண்டு நடந்தது. தோல் கோயிலுக்குள் போகக்கூடாது என்றபடியால் அன்னப்பூரணி நேர்த்தியைத் தனியே போய் வைத்தாள், அவர் வெளிவீதியில் பையோடு நின்று கும்பிட்டார்.

பங்குனியில் அன்னப்பூரணியின் தங்கச்சி மகளுக்குக் கலியாணம், வந்தாறுமூலையில். பட்டுவேட்டிக்கு மேலே பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். பஸ்ஸில் பைக்கு ஜன்னலோரம் விட்டுவிட்டு அன்னப்பூரணி ஒதுங்கி இருந்தாள். சாவடியில் அன்று புதிதாக வந்தவன் ஒருவன், வேலையில் கவனமானவன். அட்டையை வாங்கிப் படத்தைப் பார்த்தான். பையைப் பார்த்தான். திரும்பவும் படத்தைப் பார்த்தான். இரண்டும் ஒத்திருந்தன. திருப்தியோடு அட்டையைத் திருப்பிக் கொடுத்து, எங்கே போவது என்று கேட்டான்.

அருமைநாயகம் மரியாதையாகச் சொன்னார்.

"பை கலியாணத்துக்குப் போகுது, ஐயா. நான் கூடப் போறன்."